பார்ச்செனை விட்டுவிட்டீர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பஞ்சதந்திரக் கதைகளின் பரவலை ஆய்வு செய்கிறேன். மங்கோலிய மொழியில் கிடைத்த பஞ்சதந்திரக் கதைகளை 1921இல் வெளியிட்ட ரஷ்ய அறிஞர் போரிஸ் விளாதிமிர்த்சோவைப் பற்றித் தேடினேன். 1909இல் பட்டம், 1929இல் அறிவியல் கழக உறுப்பினர், 1931இல் 47 வயதில் மரணம். அதற்குள் இலக்கணம், காப்பியம், செங்கிஸ்கான் வரலாறு! எப்படி முடிந்தது? ரஷ்யப் பேரரசின் நலனுக்காகத்தான் மங்கோலியா போனாரா?

க.

அன்புள்ள க.,

கொஞ்ச நாளாக நானும் இவரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பேரரசுக் கேள்வியை இப்போதைக்கு விடுங்கள். அந்தக் காலத்தில் அங்கே போன எல்லோரிடமும் கேட்க வேண்டியதுதான், ஆனால் அதைக் கேட்டுவிட்டால் புத்தகத்தைப் படித்ததாகிவிடாது.

உங்கள் கடிதத்தில் பார்ச்சென் எங்கே? மேற்கு மங்கோலியாவின் பாயித் இனத்துக் காப்பியப் பாடகர். அவரை விட்டுவிட்டு விளாதிமிர்த்சோவின் வாழ்க்கையைச் சொன்னால், வேலைக்கு மனுப் போடும்போது இணைக்கிற தாள் மாதிரிதான் இருக்கும்.

விளாதிமிர்த்சோவ் 1908இல், மாணவராக இருக்கும்போதே, மேற்கு மங்கோலியாவில் கோப்தோ பகுதியில் வாழும் தெர்பெத் மக்களிடம் போனார். 1911இல் பாயித் மக்களிடம். மறுபடி 1913 முதல் 1915 வரை. பதவியெல்லாம் அப்புறம் வந்தது. பார்ச்சென் சொல்லச் சொல்ல 'பூம் எர்தெனி' போன்ற காப்பியங்களை எழுதிக்கொண்டார். மங்கோலிய-ஓய்ராத் (ஓய்ராத் என்றால் மேற்கு மங்கோலிய இனங்கள்) காப்பியங்களைப் பற்றி 1923இல் வெளியிட்ட நூலின் முன்னுரையைப் படித்தீர்களா? படித்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள். பாடகன் எப்படிக் கற்கிறான், கேட்பவர்கள் அவனை எப்படி மதிக்கிறார்கள் என்றெல்லாம் சொல்கிறார். பார்ச்செனை ஒரு கலைஞராகவே மதித்து, பெயர் சொல்லி எழுதுகிறார்.

'மக்கள் வழிவழியாகப் பாடுவது' என்று பொத்தாம்பொதுவாக எழுதி, பாடியவர் பெயரை விழுங்கிவிடுகிற ஆய்வேடுகளைப் படித்துப் படித்து எனக்கு வெறுத்துவிட்டது. மக்கள் எல்லோரும் சேர்ந்தா பாடினார்கள்? யாரோ ஒருவர்தானே பாடியிருப்பார்? அவருக்கு ஓர் ஆசான் இருந்திருப்பார், ஊர் இருந்திருக்கும், தொண்டை கட்டிக்கொண்ட நாளும் இருந்திருக்கும். அவரிடம் மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்டு எழுதியவருக்கு அவர் பெயரை எழுதக் கை வரவில்லை என்றால் அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்கள் ஆய்வேட்டில் அது நடக்கக் கூடாது. கதை சொன்னவரின் பெயர் தெரிந்த இடத்திலெல்லாம் கதைக்குப் பக்கத்திலேயே அதைப் போடுங்கள், பின்னிணைப்பில் ஒளித்து வைக்காதீர்கள்.

இத்தனையும் எப்படி முடிந்தது என்றால், விளாதிமிர்த்சோவுக்கு இலக்கணமும் காப்பியமும் தனித்தனி வேலையாக இருந்திருக்காது என்றுதான் சொல்வேன். எழுத்து மங்கோலியத்தையும் மங்கோலியாவின் பெரும்பான்மையினர் பேசும் கல்கா பேச்சுமொழியையும் ஒப்பிட்ட 1929 இலக்கணத்துக்குப் பின்னால் அத்தனை வருடம் கேட்ட காது இருக்கிறது. மங்கோலியரின் சமூக அமைப்பைப் பற்றிய நூல் 1934இல், அவர் இறந்த பிறகுதான் வந்தது. அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடுமையாகப் பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். பஞ்சதந்திரத்தைத் தேடி மங்கோலியா வரை போகிற ஒருவரின் கடிதம் வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வடமேற்கு மங்கோலிய வாய்மொழி இலக்கியத்தை அவர் தொகுத்த நூல் 1926இல் லெனின்கிராதில் வந்தது. ரஷ்ய மொழி தெரியாவிட்டாலும் எடுத்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் எழுதுங்கள், தேடித் தருகிறேன்.