வாசகர் கேள்வி – பதில்: கென்ட் தேவாலயங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வி: கோடை விடுமுறையில் லண்டன் செல்லும்போது, கென்ட் மாவட்டத்துப் பழைய தேவாலயங்களுக்கென்று மூன்று நாட்கள் ஒதுக்கியிருக்கிறோம். முதலில் கேன்டர்பரி பேராலயம், நேரம் மீந்தால் மற்றவை என்று நினைத்திருக்கிறோம். இந்தத் திட்டம் சரியா?

பதில்: வரிசையைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். கேன்டர்பரியில் இறங்கியதுமே பேராலயத்தின் கோபுரம் கண்ணை இழுக்கும் என்றாலும், முதலில் நகரின் கிழக்கே ஒரு மேட்டில் நிற்கும் புனித மார்ட்டின் தேவாலயத்துக்குச் செல்லுங்கள். கென்ட் அரசன் எதெல்பர்ட் கிறிஸ்தவத்தை ஏற்பதற்கு முன்பே, பிராங்கு நாட்டிலிருந்து மணமாகி வந்த அவனுடைய அரசி பெர்த்தா தன் வழிபாட்டுக்குப் பயன்படுத்திய இடம் அது. போப் கிரகோரி ரோமிலிருந்து அனுப்பிய அகஸ்டின் 597ஆம் ஆண்டு தம் துறவியருடன் வந்து சேர்ந்தபோது, வழிபாடு நடத்த அவருக்குக் கிடைத்ததும் இந்தச் சிறு கட்டடமே. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இடைவிடாமல் வழிபாட்டில் இருந்துவரும் மிகப் பழைய தேவாலயம் இதுதான். சுவரின் அருகே சென்று பாருங்கள். ரோமானியர் காலத்துச் செங்கற்கள் இன்றும் வரிவரியாகத் தெரியும். எல்லா நாளும் திறந்திருப்பதில்லை என்பதால், முன்னதாகவே விசாரித்துக்கொள்வது அவசியம்.

அங்கிருந்து திரும்பி நடக்கும் வழியிலேயே அகஸ்டின் நிறுவிய மடத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. அவற்றையும் கடந்து பேராலயத்துக்குள் நுழையும்போதுதான், ஓர் அரசியின் சிறு வழிபாட்டிடத்தில் தொடங்கியது எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பது உடலுக்கே புரியும். இம்மூன்றும் சேர்ந்தே 1988இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

பேராலயத்துக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். 1170 டிசம்பர் 29 அன்று பேராயர் தாமஸ் பெக்கெட்டை அரசன் இரண்டாம் ஹென்றியின் வீரர்கள் நால்வர் வெட்டிக் கொன்ற இடத்தைப் பார்க்கவே பெரும்பாலோர் வருகிறார்கள். பார்க்க வேண்டியதுதான், ஆனால் அந்தக் கொலைக்குப் பின் நடந்ததையே நான் பெரிதாக நினைக்கிறேன். 1174இல் தீ விபத்தில் கிழக்குப் பகுதி எரிந்துபோக, பிரான்சிலிருந்து வந்த வில்லியம் என்ற தலைமைக் கட்டுநர் அதை மீண்டும் எழுப்பத் தொடங்கினார். 1178இல் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையான பிறகும் படுத்தவாறே வேலையை நடத்தப் பார்த்து, முடியாமல் ஊர் திரும்பினார். அதே பெயர் கொண்ட ஆங்கிலேயர் ஒருவர் பணியை முடித்தார். பெக்கெட்டின் நினைவுப் பீடம் இருந்த கிழக்குப் பகுதிக்கு ஏறும் கற்படிகள், முழங்காலிட்டும் நடந்தும் ஏறிய யாத்திரிகர்களால் குழிந்து தேய்ந்திருக்கின்றன. அந்தப் பீடத்தை 1538இல் எட்டாம் ஹென்றி தகர்த்துவிட்டார். இன்று அந்த இடத்தில் ஒரு மெழுகுவர்த்தி மட்டுமே எரிகிறது. சுற்றியுள்ள வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில், பெக்கெட்டை வேண்டி நோய் நீங்கியதாக நம்பிய சாதாரண மக்களின் கதைகள் தீட்டப்பட்டிருக்கின்றன. மன்னர்களின் கல்லறைகளைவிட இந்தச் சாளரங்களின் முன்தான் நெடுநேரம் நிற்கத் தோன்றும். நிலவறையின் தூண்களில் உள்ள விலங்குச் சிற்பங்களையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ராசெஸ்டரிலும் பேராலயம் இருக்கிறதாமே? பேராலயம் என்றால் அளவில் பெரிய தேவாலயம் என்றுதான் பொருளா?

பதில்: அளவுக்கும் பெயருக்கும் தொடர்பில்லை. ஆயரின், அதாவது பிஷப்பின், இருக்கை எங்கே இருக்கிறதோ அதுவே பேராலயம். ராசெஸ்டர் 604இல் நிறுவப்பட்டது. இங்கிலாந்தின் பேராலயங்களில் கேன்டர்பரிக்கு அடுத்த பழமை அதற்குண்டு. மேற்கு வாயிலின் மேலுள்ள, அரியணையில் அமர்ந்த கிறிஸ்துவின் சிற்பமும், பாடகர் பகுதிச் சுவரில் பாதி அழிந்து பாதி மிஞ்சியிருக்கும் 13ஆம் நூற்றாண்டின் ‘விதியின் சக்கரம்’ ஓவியமும் அரை நாளுக்குப் போதுமானவை. எதிரிலேயே கோட்டையும் உள்ளது.

கேள்வி: சிறிய தேவாலயங்களில் ஒன்றிரண்டைத்தான் பார்க்க முடியும் என்றால் எவற்றைச் சொல்வீர்கள்?

பதில்: தயங்காமல் டியூட்லியைச் சொல்வேன். டான்பிரிட்ஜ் நகருக்கு அருகிலுள்ள இந்தக் கிராமத் தேவாலயத்தின் பன்னிரண்டு சாளரங்களும் ஓவியர் மார்க் ஷகால் வடிவமைத்தவை. எல்லாச் சாளரங்களும் அவருடையதாக அமைந்த தேவாலயம் உலகில் வேறில்லை. 1963இல் படகு விபத்தில் கடலில் மூழ்கி இறந்த ஓர் இளம்பெண்ணின் நினைவாக, அவளுடைய பெற்றோர் கீழைச் சாளரத்தை மட்டும்தான் முதலில் வேண்டினார்கள். 1967இல் அதை வந்து கண்ட ஷகால், மற்றவற்றையும் தாமே செய்ய விரும்பினார். கடைசிச் சாளரங்கள் அவர் மறைந்த 1985ஆம் ஆண்டில்தான் பொருத்தப்பட்டன. நீல அலைகளுக்குள் கிடக்கும் பெண்ணும், சிலுவையை நோக்கி உயரும் ஏணியும் அந்த முதல் சாளரத்தில் உள்ளன. வெயில் நன்றாக இருக்கும் வேளையில் செல்லுங்கள். தரையிலும் இருக்கைகளிலும் அந்த நீலம் விழுந்து கிடக்கும்.

இன்னொன்று வேண்டுமானால் ரோம்னி சதுப்பு நிலத்துக்குச் செல்லலாம். ஃபேர்ஃபீல்டில் ஊரே இல்லாமல், ஆடுகள் மேயும் புல்வெளியின் நடுவே, தாமஸ் பெக்கெட்டின் பெயரால் ஒரு சிறு தேவாலயம் தனியாக நிற்கிறது. பக்கத்து ஊரான புரூக்லாந்தில், மணிக்கூண்டு மரத்தால் கட்டப்பட்டுத் தேவாலயத்தை ஒட்டாமல் தரையிலேயே நிற்கும். உள்ளே, பன்னிரண்டு ராசிகளும் அந்தந்த மாதத்து உழவு வேலைகளும் பொறிக்கப்பட்ட ஈயத்தாலான திருமுழுக்குத் தொட்டி இருக்கிறது. இப்பகுதிக்குக் கார் இல்லாமல் செல்வது கடினம்.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். வழிபாட்டு நேரத்தில் உள்ளே அமரலாமா?

பதில்: தாராளமாக அமரலாம், யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். கேன்டர்பரியில் சுற்றிப் பார்க்கத்தான் நுழைவுக் கட்டணம், மாலை வழிபாட்டுக்குக் கிடையாது. சங்கீதங்களையும் மரியாளின் பாடலையும் சிமியோனின் பாடலையும் பாடகர் குழு பாடும்போது, பகலெல்லாம் கண்ணால் பார்த்த கல் கூரை, ஒலியைத் தாங்கி நிற்பதைக் காதால் உணர்வீர்கள். கோடை விடுமுறையில் வெளியூர்க் குழுக்கள் வந்து பாடுவது வழக்கம். சற்று முன்னதாகவே சென்று, கைபேசியை அணைத்துவிட்டு, மற்றவர்கள் எழும்போது எழுந்து, அமரும்போது அமர்ந்தால் போதும்.