லாப நோக்கமற்ற வீட்டு நிறுவனம் என்றால் என்ன? லண்டன் பீபாடி எப்படி 160 ஆண்டுகள் தாண்டியது?

குறைந்த வருமானக்காரர்களுக்கு வீடு கட்டி வாடகைக்கு விடும், ஆனால் மிச்சப் பணத்தைப் பிரித்துக்கொள்ள முதலாளியோ பங்குதாரரோ இல்லாத அமைப்பு. அவ்வளவுதான்.

பழைய உதாரணம் லண்டனின் பீபாடி என்ற வீட்டு அமைப்பு. அதற்குப் பணம் கொடுத்துத் தொடங்கிவைத்த ஜார்ஜ் பீபாடி அமெரிக்கர். லண்டனில் வங்கித் தொழில் செய்து பணக்காரர் ஆனவர். நகரத்து ஏழைகளுக்காக 1862இல் 1,50,000 பவுண்டு கொடுத்தார். பிறகும் கொடுத்ததில் மொத்தம் 5,00,000 ஆனது. முதல் குடியிருப்பு 1864இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் திறக்கப்பட்டது.

அந்தப் பணம் ஏன் கரைந்துபோகவில்லை? வீடுகளைச் சும்மா கொடுக்கவில்லை. சந்தையைவிடக் குறைவாக, ஆனால் தவறாமல் வாடகை வாங்கினார்கள். பராமரிப்புச் செலவு போக மிஞ்சியது அடுத்த கட்டடத்துக்குப் போனது. நம் ஊர் விவசாயி விதைநெல்லை எடுத்து வைப்பாரே, அதே கணக்கு. விளைந்ததை முழுக்கத் தின்றுவிட்டால் அடுத்த போகத்துக்கு எதை விதைப்பது?

கெடுபிடியும் இருந்தது. அம்மைத் தடுப்பூசி போடாதவர்களுக்கு இடமில்லை! என் பார்வையில் பெரிய குறை வேறு: வாரந்தோறும் வாடகை கட்டியாக வேண்டும் என்பதால் நிலையான கூலி உள்ளவர்களே பெரும்பாலும் உள்ளே வந்தார்கள், அன்றாடங்காய்ச்சிகள் வெளியிலேயே நின்றார்கள். அப்புறம் வேறு வீட்டு அமைப்புகளோடு இணைந்து வளர்ந்து, இன்று பீபாடியிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன.

பலர் நினைப்பதுபோல, லாப நோக்கமற்றது என்றால் இலவசம் என்றோ, கையில் பணமே மிஞ்சக் கூடாது என்றோ பொருளில்லை. மிஞ்சுவது தனி ஆள் பைக்குள் போகக் கூடாது என்பதே நிபந்தனை.