பதில்: பழைய ஆர்எக்ஸ்100 கேமரா, மார்க் 3 வாங்கவா மார்க் 6 வாங்கவா?

வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் குழந்தையைப் படம் எடுக்க வேண்டும், செகண்ட் ஹேண்டில் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3, மார்க் 6 இரண்டும் கிடைக்கின்றன, எதை வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். என் ஓட்டு மார்க் 3-க்கே.

2012இல் முதல் ஆர்எக்ஸ்100 வந்தபோது, சட்டைப்பையில் அடங்கும் உடம்பில் 1 அங்குல சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சிப்) என்பதே பெரிய விஷயம். 2014இல் மார்க் 3 வந்தது: 24-70 மி.மீ. ஜூம் லென்ஸ், அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்) 1.8இல் தொடங்கி முழு ஜூமிலும் 2.8, கூடவே மேலே எழும்பும் வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல்). 2018இல் மார்க் 6 ரூட்டை மாற்றியது. ஜூம் 200 வரை நீண்டது, ஆனால் லென்ஸ் 2.8இல்தான் தொடங்குகிறது. ஜூம் செய்யாத அகலக் கோணத்தில் மார்க் 3 இரண்டு மடங்குக்கும் மேல் வெளிச்சம் வாங்கும். டியூப்லைட்டில் அது சும்மா இல்லை. மார்க் 6 ஊர் சுற்றுபவர்களுக்கு.

ஒன்று மட்டும்: ஓடும் குழந்தை என்றால் ஃபோகஸ் வேகத்தில் மார்க் 6தான் கில்லாடி. அவசரமில்லை என்றால் 2016இல் வந்த மார்க் 5 தேடிப் பாருங்கள். மார்க் 3-இன் அதே லென்ஸ், அதோடு ஃபேஸ் டிடெக்‌ஷன் என்ற வேகமான ஃபோகஸ் முறை. பேட்டரி சீக்கிரம் தீரும், கூடுதலாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

எதை வாங்கினாலும் கடையிலேயே அபெர்ச்சரை 11-க்கு வைத்து வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள். சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். லென்ஸ் உடம்போடு ஒட்டியது, நாமே கழற்றித் துடைக்க முடியாது. அப்புறம், வியூஃபைண்டரை நாலைந்து முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.