மருந்து பட்டும் சாகாத கொசு: கேள்வி பதில்

கேள்வி: பூச்சிக்கொல்லி பட்டும் சாகாத கொசுவின் உடலில் என்ன நடக்கிறது, ஐயா?

பதில்: டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு எனும் பூச்சிக்கொல்லி வகை மருந்துகள் நரம்பணுக்களின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்வதால், நரம்பு ஓயாது துடிக்கிறது. அளவு மிகுந்தால் கொசு முடங்கி விழுந்து இறக்கும். அளவு குறைந்தால் அதே துடிப்பு அமைதியின்மையாக வெளிப்பட்டு, அமர்ந்த இடத்திலிருந்து கொசுவை எழுப்பிவிடும். டி.டி.டி. தெளித்த பரப்பைச் சிறிது நேரம் தொட்ட கொசுக்கள் இவ்வாறு கிளர்ச்சியுற்றுப் பறப்பதை பூச்சியியல் ஆய்வாளர் ஜே. எஸ். கென்னடி 1947ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினார். ஆயினும், இறந்த கொசுக்களை எண்ணியே மருந்தை மதிப்பிடும் வழக்கம் நிலைத்துவிட்டதால், உயிர் பிழைத்தவை என்ன செய்கின்றன என்பதற்குக் கிடைத்த கவனம் மிகக் குறைவு.

கேள்வி: வீட்டில் திரவக் கொசுவிரட்டி போட்டிருக்கிறோம். கொசுக்கள் செத்து விழவில்லை. ஆனால் கடி குறைந்திருக்கிறது. இது எப்படி?

பதில்: இவற்றில் பரவலாகச் சேர்க்கப்படும் டிரான்ஸ்ஃபுளூத்ரின், எளிதில் ஆவியாகும் பைரித்ராய்டு. காற்றில் கலந்த சிறு அளவே, மனித வாடையைப் பின்தொடர்ந்து வந்து அமரும் கொசுவைத் தடுமாற வைக்கப் போதுமானது. அது சாகவில்லை என்பதையும் மறக்கலாகாது; மருந்து எட்டாத அடுத்த அறைக்கு அது போய்ச் சேரலாம்.

கேள்வி: மருந்தூட்டிய கொசுவலையைக் கண்டதும் கொசு விலகிவிடுமா?

பதில்: விலகாது. லிவர்பூல் ஆய்வாளர்கள் அகச்சிவப்புக் கேமராவால், மலேரியா பரப்பும் அனோபிலிஸ் காம்பியே கொசுக்களைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், உறங்குபவரின் வாடையால் ஈர்க்கப்பட்ட கொசுக்கள் வலையை நாடியே வந்தன. பெரும்பாலும் வலையின் மேற்கூரையைத்தான் முட்டின. தொட்ட நேரம் சொற்பமாயினும், அதன்பின் அவற்றின் நடமாட்டம் விரைவில் அடங்கியது.

கேள்வி: ஒருமுறை பட்ட மருந்தைக் கொசு நினைவில் வைத்திருக்குமா?

பதில்: டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தி, யானைக்கால் நோய் பரப்பும் கியூலெக்ஸ் குவிங்குவிஃபேசியாட்டஸ் ஆகிய இரு கொசு இனங்களிலும் இதைச் சோதித்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. மருந்து பட்டறியாத கொசுக்களில் பாதிக்கு மேற்பட்டவை மருந்திட்ட வலையைக் கடந்து இரையை நோக்கிச் சென்றபோது, சாகாத அளவில் ஒரே ஒருமுறை பட்டறிந்தவற்றில் ஆறில் ஒன்றுக்கும் குறைவானவையே கடந்தன. தங்குமிடம் தேடும்போதும் அவை மருந்தின் வாடையைத் தவிர்த்தன. இம்முடிவை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஏனெனில் மரபணு மாற்றம் ஏதுமின்றி, ஒரு கொசு தன் குறுகிய வாழ்நாளுக்குள்ளேயே நம் மருந்திலிருந்து விலகக் கற்கிறது என்பதை இது காட்டுகிறது.

கேள்வி: பெனின் நாட்டில் கொசு கடிக்கும் நேரமே மாறியதாகப் படித்தேன். அதுவும் இந்தக் கற்றல்தானா?

பதில்: அவ்வாறு முடிவுகட்ட இயலாது. அங்கு எல்லா வீடுகளுக்கும் வலை வழங்கியபின், அனோபிலிஸ் பியூனஸ்டஸ் கொசுக்களின் கடி விடியற்பொழுதை நோக்கி நகர்ந்ததாக 2012இல் வெளியான ஆய்வு கூறுகிறது. சாலமன் தீவுகளில் டி.டி.டி. தெளிப்புக்குப் பிறகு அனோபிலிஸ் ஃபரௌட்டி முன்மாலையில், வீட்டுக்கு வெளியே கடிக்கத் தலைப்பட்டது. தப்பிப் பிழைத்தவற்றின் இயல்பே தலைமுறைகளினூடே பெருகும் இயற்கைத் தேர்வு, இரை கிடைக்காத கொசு காத்திருப்பது, தனிக்கொசுவின் கற்றல் ஆகிய மூன்றும் ஒரே தோற்றத்தைத் தரக்கூடும்.

கேள்வி: மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற கொசுக்களிடம் வலை வீண்தானே?

பதில்: வீண் அன்று. உடனே சாகாத கொசுவுக்கும் மருந்தின் பாதிப்பு பின்னர் தொடர்ந்து, அதன் ஆயுள் பாதியளவுக்குக் குறையக்கூடும் என 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடலில் முதிர்ந்து பரவும் நிலையை அடையப் பத்து நாள்களுக்கு மேல் தேவைப்படுவதால், அதற்குள் இறக்கும் கொசு நோயைப் பரப்பாது. ஆகவே கிழிசலைத் தைத்து, வலையைத் தொடர்ந்து பயன்படுத்துங்கள்.