பட்டனை அழுத்தினால் மூச்சே காட்டவில்லை: பழைய கணினி கேள்வி–பதில்

மழை விட்டு, போகிக்குப் பரண் ஒழிக்கும் நேரத்தில் இந்தப் பகுதிக்குக் கடிதங்கள் கூடும். இந்த முறை எல்லாமே டெல்டாவிலிருந்து வந்தவை.

கேள்வி: எங்கள் அச்சகத்தில் தொண்ணூறுகளில் தமிழ் டைப்செட்டிங்குக்கு வாங்கிய 386 கணினி பரணில் கிடந்தது. துடைத்து மேசையில் வைத்துப் பட்டனை அழுத்தினேன். மின்விசிறிகூட அசையவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில், பட்டனை இன்னொரு முறை அழுத்திப் பார்க்கும் ஆசையை விடுங்கள். ஒயரைச் சுவரிலிருந்து உருவிவிட்டு மூடியைக் கழற்றுங்கள். பரணில் கிடந்த பெட்டிக்குள் எலிப் புழுக்கை, எறும்பு மண், எஸ்எம்பிஎஸ் (சுவர்க் கரண்டைக் கணினிக்கேற்ற டிசியாக மாற்றித் தரும் பெட்டி) காற்றுத் துளை வழியே போய் ஒட்டிக்கொண்ட பல்லி என எது வேண்டுமானாலும் இருக்கும். காய்ந்த பல்லி கரண்டைக் கடத்தாது. ஐப்பசி ஈரத்தில் ஊறிய பல்லி கடத்தும். பெயின்ட் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் தட்டி எடுத்துவிட்டு மேலே போகலாம்.

சோதனை சுவரிலிருந்து உள்ளே வர வேண்டும். பவர் கார்டை மல்டிமீட்டரின் கன்டினியூட்டியில் (கம்பி அறுந்திருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்து மூன்று கம்பிகளையும் பாருங்கள். உங்கள் கேபினெட்டின் பின்னால் மானிட்டருக்கென ஒரு சாக்கெட் இருந்தால் அது நல்ல சாட்சி. பெரும்பாலானவற்றில் அந்தச் சாக்கெட்டுக்கு முன்பக்க பட்டன் வழியாகத்தான் கரண்ட் போகும். பட்டனை அழுத்தியும் மானிட்டருக்குக் கரண்ட் வரவில்லை என்றால் கோளாறு பவர் கார்டிலோ பட்டனிலோ இருக்கிறது.

இந்தக் காலத்து கணினி பட்டன் 5 வோல்ட் சிக்னலை மட்டும் தொட்டுவிடும். 386, 486 காலத்து ஏடி வகை (அன்றைய பெட்டி, எஸ்எம்பிஎஸ் அமைப்பு) கேபினெட்டில் அப்படியில்லை. 230 வோல்ட் நேராக முகப்புப் பட்டனுக்கு வந்து திரும்புகிறது. நான்கு ஒயர்கள்: பிரவுன், நீலம் இரண்டும் உள்ளே வருபவை, கறுப்பு, வெள்ளை எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் திரும்புபவை. வழக்கம் இதுதான், ஆனால் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியுள்ள படத்தையே நம்புங்கள். கழற்றுமுன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லைனும் நியூட்ரலும் ஒரே ஜோடிக் காலில் மாட்டப்பட்டால், பட்டனை அழுத்தும் நொடியில் வீட்டு ஃபியூஸ் போகும். நான்கு ஒயர்களையும் உருவிவிட்டு, பட்டனை அழுத்திய நிலையில் ஜோடிக் கால்களுக்கிடையே மீட்டர் வையுங்கள். ஒரு ஓமுக்கும் கீழே காட்ட வேண்டும். விட்டு விட்டுக் காட்டினால் உள்ளே முனை கருகியிருக்கிறது. 250 வோல்ட் தாங்கும் இரட்டை முனை பட்டன் புதிதாகப் போட்டால் போதும். பல 'செத்த' கணினிகள் இந்த இடத்திலேயே எழுந்துவிடும்.

பட்டன் நன்றாக இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கு வரும் பி8, பி9 இரண்டு கனெக்டர்களையும் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது கறுப்பு ஒயர்கள் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் மதர்போர்டு போய்விடும். இனி எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் ஏடி எஸ்எம்பிஎஸ் சும்மா ஓடாது, 5 வோல்ட்டில் கொஞ்சம் சுமை வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் நான்கு முனை கனெக்டரில் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 4.7 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டுங்கள். ஏறத்தாழ ஒரு ஆம்பியர் இழுக்கும். நன்றாகச் சுடும், கை வைக்காதீர்கள்.

சுவரில் நேராகச் செருகாமல், 60 வாட் குண்டு பல்பு ஒன்றை லைனில் சீரிஸாக (கரண்ட் பல்பைத் தாண்டியே போகும்படி) போட்டு ஓட்டுவது நல்லது. எல்இடி பல்பு இதற்கு உதவாது. சுவிட்ச் போட்டதும் பல்பு ஒரு நொடி பளிச்சென எரிந்து மங்கினால் உள்ளே பெரிய ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடோ பெரிய டிரான்சிஸ்டர்களோ ஷார்ட். எரியவே இல்லை என்றால் உள் ஃபியூஸ் போயிருக்கலாம். அந்தக் கண்ணாடி ஃபியூஸைக் கூர்ந்து பாருங்கள்: உட்புறம் கருகி வெள்ளி பூசியது போலிருந்தால் கடுமையான ஷார்ட், புது ஃபியூஸும் உடனே போகும். கம்பி மட்டும் நடுவில் அறுந்திருந்தால் வயதாகிப் போனதாக இருக்கலாம். பழைய ஃபியூஸில் அச்சிட்ட அளவையே போடுங்கள். வீட்டு மெயின் சுவிட்ச் போர்டு ஃபியூஸ் கட்டையில் தாமிரக் கம்பி சுற்றும் நம் ஊர்ப் பழக்கத்தை இங்கே காட்டினால் எஸ்எம்பிஎஸ்தான் ஃபியூஸாகும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கும் துணிச்சல் இருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பத்தி. உள்ளே இரண்டு பெரிய 200 வோல்ட் கெபாசிட்டர்கள் இருக்கும். இரண்டும் சேர்ந்து 325 வோல்ட் தேக்கிவைக்கும். கரண்டை உருவியபின்னும் வைத்திருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்பில் பிடித்து ஒவ்வொன்றின் குறுக்கேயும் அரை நிமிடம் வைத்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்தபின் கை வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் 'படார்' அடிப்பது மெக்கானிக் வீரம், வேலை அல்ல. ஃபியூஸ் நன்றாக இருந்து, 325 வோல்ட் வந்தும் ஓடவில்லையா? இரண்டு சந்தேகங்கள். முதலாவது, ஹீட்சிங்க்கில் (சூடு தணிக்கும் உலோகத் தகடு) பொருத்திய டிரான்சிஸ்டர்களுக்குத் தொடக்க உந்து தரும் 330 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் (ஆரஞ்சு, ஆரஞ்சு, மஞ்சள் வளையம்). இவை வருடக்கணக்கில் உயர் மின்னழுத்தத்தைச் சுமந்து ஓபன் ஆகும் (உள்ளே அறுந்துவிடும்). இரண்டாவது, அதே டிரான்சிஸ்டர்களுக்கு அருகே நிற்கும் 1 முதல் 10 மைக்ரோபாரட், 50 வோல்ட் பொடிக் கெபாசிட்டர்கள். ஹீட்சிங்க் சூட்டில் இவை உலர்ந்துவிடும். ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கி மீட்டரில் அளந்து பாருங்கள். பொடிக் கெபாசிட்டர்களை அளக்காமலே மாற்றுங்கள், விலை தேநீர்க் காசுதான். பெட்டியில் உள்ள எல்லாக் கெபாசிட்டரையும் பிடுங்கி மாற்றும் மோகம் வேண்டாம். பழைய போர்டில் தாமிரத் தடம் ஒவ்வொரு சூட்டுக்கும் உரிந்து வரும்.

ஓடினால் அளவுகள்: சிவப்பில் 4.75 முதல் 5.25, மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட். பி8-இன் ஆரஞ்சு ஒயரையும் பாருங்கள். அதன் பெயர் பவர் குட். மின்னழுத்தங்கள் நிலைத்தபின் அது 5 வோல்ட்டுக்கு ஏறும். அது ஏறாவிட்டால் மின்விசிறி சுற்றும், கணினி மட்டும் ரீசெட்டிலேயே நிற்கும்.

கேள்வி: பட்டனை அழுத்தினால் மின்விசிறி ஒரு துடி துடித்து நின்றுவிடுகிறது. கனெக்டரைக் கழற்றிச் சுமை போட்டால் எஸ்எம்பிஎஸ் ஓடுகிறது.
– வாசகி, பாபநாசம்

பதில்: பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். மதர்போர்டிலோ அதில் செருகிய கார்டுகளிலோ ஷார்ட் இருப்பதால் எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. எல்லா கார்டுகளையும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். இன்னும் துடித்து நின்றால், கரண்ட் இல்லாமல், மதர்போர்டின் பவர் சாக்கெட்டில் கறுப்பு முனைக்கும் 12 வோல்ட் முனைக்கும் இடையே ஓம் பாருங்கள். நல்ல போர்டில் நூற்றுக்கணக்கிலோ அதற்கு மேலோ காட்டும். ஒன்றிரண்டு ஓம் காட்டினால் குற்றவாளி பெரும்பாலும் டான்டலம் கெபாசிட்டர். நீர்த்துளி வடிவம், மஞ்சளோ ஆரஞ்சோ நீலமோ. எண்பதுகளின் போர்டுகளில் 12 வோல்ட் லைனில் 16 வோல்ட் டான்டலம் போட்டிருப்பார்கள். அவ்வளவு நெருக்கமான அளவை டான்டலம் பொறுக்காது. பல காலம் சும்மா கிடந்து திடீரெனக் கரண்ட் பாய்ந்தால் அப்படியே ஷார்ட் ஆகிவிடும், சில நேரம் தீப்பொறியோடு. ஒவ்வொன்றாக ஒரு காலைத் தூக்கி ஓம் ஏறுகிறதா பாருங்கள். ஏறிய இடத்தில் அதே மைக்ரோபாரட், 25 அல்லது 35 வோல்ட் போடுங்கள்.

இங்கே பலர் சறுக்குவார்கள்: சாதாரண எலக்ட்ரோலைட்டிக்கில் கோடு போட்ட பக்கம் மைனஸ், டான்டலத்தில் கோடு போட்ட பக்கம் பிளஸ். பழைய டான்டலத்துக்குப் பதில் எலக்ட்ரோலைட்டிக் போடும்போது கோட்டைப் பார்த்துக் கோட்டை வைத்தால் தலைகீழ்.

கேள்வி: அரிசி ஆலைக் கணக்கு வைத்திருந்த 486. மின்விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. கீபோர்டு சாக்கெட் பக்கம் பச்சை பச்சையாகப் பூத்திருக்கிறது.
– வாசகர், மன்னார்குடி

பதில்: பச்சைப் பூவுக்கு நடுவில் உருளையாக ஒரு பேட்டரி இருக்கும்: 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம். அதிலிருந்து கசிந்தது ஆசிட் அல்ல, காரம். அதனால் சோடா மாவு போட்டுத் துடைப்பதில் பயனில்லை, வினிகர்தான் வேண்டும். (குத்துவிளக்குத் துலக்கும் புளியும் எலுமிச்சையும் வேண்டாம். காரத்தை முறிக்கும்தான், ஆனால் பிசுக்கு தங்கி எறும்பை அழைக்கும்.) பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் வினிகரைத் தேயுங்கள். நுரைப்பது நிற்கும்வரை திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டும். பின் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலர்த்துங்கள்.

பிறகு லென்ஸ் வைத்துத் தடங்களைப் பாருங்கள். கறுத்த தடத்தைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே தாமிரம் இல்லாமலே போயிருக்கும். இரு முனைக்கும் கன்டினியூட்டி பார்த்து, அறுந்ததை மெல்லிய இன்சுலேட்டட் கம்பியால் இணையுங்கள். கீபோர்டு கன்ட்ரோலர் சிப்பின் சாக்கெட்டையும் சந்தேகப்படுங்கள். அதன் கால்களுக்கடியில் காரம் ஊறி நிற்கும். சிப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினாலே சில போர்டுகள் பேசிவிடும்.

புதுப் பேட்டரியைப் போர்டிலேயே வைக்காதீர்கள். வெளிப் பேட்டரிக்கான நான்கு முள் கனெக்டர் பெரும்பாலான போர்டுகளில் உண்டு. மூன்று ஏஏ செல் உள்ள டப்பாவை ஒரு 1என்4148 டயோடு வழியாக அதில் இணைத்து, கேபினெட் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஜம்பரை (போர்டில் உள்ள சிறு இணைப்புச் செருகி) வெளிப் பேட்டரிக்கு மாற்ற மறக்க வேண்டாம். டயோடு எதற்கென்றால், போர்டு சார்ஜ் செய்யப் பார்க்கும். சாதாரண செல் அதைத் தாங்காது. பேட்டரி போனதால் ஹார்ட் டிஸ்க் அளவும் மறந்திருக்கும். சிலிண்டர், ஹெட், செக்டர் எண்கள் டிஸ்க்கின் லேபிளில் இருக்கும். பார்த்து, கணினி தொடங்கும்போது வரும் செட்டப் திரையில் கொடுங்கள்.

கேள்வி: பள்ளி ஸ்டோரில் ஒரு பிபிசி மைக்ரோ. ஓட்டிய சில நிமிடத்தில் பின்பக்கம் வெள்ளைப் புகை, மீன் நாற்றம். ஆனால் அணைக்கும்வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது!
– ஆசிரியர், மயிலாடுதுறை

பதில்: பிபிசி மைக்ரோ எண்பதுகளின் பிரிட்டிஷ் கணினி. 1984-85இல் தொடங்கிய கிளாஸ் (பள்ளிகளில் கணினி அறிமுகத்துக்கான மத்திய அரசு) திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த மாடலாக இருக்கும். பயப்படாதீர்கள், அந்தப் புகை நோய் பிரசித்தமானது. பவர் சப்ளையின் வாசலிலேயே 0.1, 0.01 மைக்ரோபாரட் அளவில் இரண்டு ஃபில்டர் கெபாசிட்டர்கள் நிற்கும். உள்ளே உலோகம் பூசிய காகிதம், மேலே ஒளி ஊடுருவும் மஞ்சள் பிசின். வயதாக ஆக அந்தப் பிசினில் தலைமுடிபோல விரிசல் விடும், காகிதம் ஈரத்தை உறிஞ்சும், பின் புகையும். ஈரத்துக்குப் பஞ்சமில்லாத நம் டெல்டாவில் கேட்கவே வேண்டாம். அவை மின் இரைச்சலை வடிகட்டுபவை மட்டுமே. அதனால்தான் புகைந்த பின்னும் கணினி ஓடியது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். எக்ஸ்2 என்று அச்சிட்ட 275 வோல்ட் ஏசி பாலிபுரொப்பிலீன் வகையே வேண்டும். '630 வோல்ட் இருக்கிறது சார்' என்று கடைக்காரர் நீட்டும் டிசி கெபாசிட்டரை வாங்க வேண்டாம். எக்ஸ்2 பழுதானாலும் தீப்பிடிக்காதபடி செய்யப்பட்டது, டிசி கெபாசிட்டர் அப்படியல்ல. மேல்மூடி கழற்ற, 'ஃபிக்ஸ்' என்று எழுதிய நான்கு திருகுகளை மட்டும் எடுத்தால் போதும்.

சரியானதும் ஓட்டினால் தாழ்ந்த ஒலி ஒன்று, உடனே உச்சமான குட்டி பீப் ஒன்று கேட்கும். தாழ்ந்த ஒலியே நிற்காமல் ஓடினால் பவர் சப்ளையை விட்டுவிட்டு மதர்போர்டைத் தேடுங்கள்.

கேள்வி: கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது. டெஸ்டர் எரிகிறது. எஸ்எம்பிஎஸ் லீக்கா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: பெரும்பாலும் இல்லை. உங்கள் ப்ளக் பாயிண்ட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் வாசலில் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்கு இரண்டு சிறு கெபாசிட்டர்கள் போகும். எர்த் இல்லாதபோது பெட்டி ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் அரை மில்லி ஆம்பியருக்கும் கீழே, ஆனாலும் சுருக்கென்னும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் குழி காய்ந்திருந்தாலும் இப்படித்தான். அதுவரை கணினியில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: 2018 கஜா புயலில் கடல் தண்ணீர் ஏறிய கணினி. அரிசி மூட்டைக்குள் வைத்து உலர்த்தினோம். இப்போது ஓட்டலாமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: ஓட்டாதீர்கள். அரிசி ஈரத்தை எடுத்தாலும் உப்பை எடுக்காது. தவிட்டுத் தூசியைத்தான் சேர்த்துவிட்டிருக்கும். உப்பு ஒவ்வொரு மழைக்கும் ஈரத்தை இழுத்து மறுபடி அரிக்கும். மதர்போர்டையும் கார்டுகளையும் பேட்டரி நீக்கி, டிஸ்டில்டு வாட்டரில் பலமுறை கழுவி, ஆல்கஹாலில் அலசி, ஒரு வாரம் உலர்த்திப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் காப்பாற்ற முயல வேண்டாம், வேறு வாங்குங்கள். ஏடி எஸ்எம்பிஎஸ் கிடைக்கவில்லை என்றால் ஏடிஎக்ஸ் (ஏடிக்குப் பின் வந்த எஸ்எம்பிஎஸ் வகை) ஒன்றை அடாப்டர் வழியாகப் பயன்படுத்தலாம்: பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால் ஓடும். பின்னாளைய ஏடிஎக்ஸில் மைனஸ் 5 வோல்ட் வராது. சில பழைய கார்டுகளைத் தவிர யாருக்கும் அது தேவைப்படாது.

கேள்வி: பழைய கடையில் வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் 115, 230 என்று சிவப்பு ஸ்விட்ச். 115இல் இருந்தது. அப்படியே ஓட்டிவிட்டேன். படார்.
– வாசகர், திருவாரூர்

பதில்: 115இல் அது மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும் சுற்று. 230 கொடுத்ததும் ஒவ்வொரு 200 வோல்ட் கெபாசிட்டரும் 325 வோல்ட்டைப் பார்த்திருக்கும். இரண்டு கெபாசிட்டர், ஃபியூஸ், பக்கத்தில் இருக்கும் வட்டமான வேரிஸ்டர்கள் (எகிறும் மின்னழுத்தத்தைத் தடுப்பவை), பிரிட்ஜ், இரண்டு பெரிய டிரான்சிஸ்டர் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டிவரும். அவ்வளவுக்குச் செலவழிப்பதைவிட வேறொன்று வாங்குங்கள். வாங்கியதும் ஸ்விட்ச்சை 230இல் வைத்து, மேலே டேப் ஒட்டிவிட்டு, பிறகு செருகுங்கள்.