அமெரிக்க ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங் அணிகளுக்கு ஒலிம்பிக் பதக்க வாய்ப்பு உண்டா?

ஆண்கள், பெண்கள், ஐஸ் டான்ஸ் என்று எல்லாவற்றிலும் முன்னால் நிற்கும் அமெரிக்கா ஜோடிப் பிரிவில் (ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஆடுவது, ஐஸ் டான்ஸில் இல்லாதபடி பெண்ணைத் தலைக்கு மேல் தூக்குவதும் எறிந்து பிடிப்பதும் இதில் உண்டு) மட்டும் ஏன் தேறவில்லை, அடுத்த ஒலிம்பிக்கிலாவது பதக்கம் வாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே ஒருவர் "அமெரிக்கர்களுக்கு இன்னொருவரோடு ஒத்துப்போகத் தெரியாது, அதுதான் காரணம்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஐஸ் டான்ஸும் இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதுதானே ஐயா, அதில் மட்டும் எப்படி ஒத்துப்போகிறார்கள்? அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஸ்கேட்டிங் தெரியாது. ஐஸில் இறங்கினால் ஓரத்துத் தடுப்பைப் பிடித்துக்கொண்டே ஒரு சுற்று வந்து வெளியேறும் ரகம். "நீ என்ன நடுவரா?" என்று கேட்கப் போகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் என் மகள் ஸ்கேட் செய்த காலம் முழுக்க நியூ ஜெர்சியில் ஒரு ஐஸ் ஸ்கேட்டிங் ரிங்க்கின் பெஞ்சில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தவள் நான். கொஞ்ச காலம் அவள் ஜோடிப் பிரிவிலும் ஆடினாள். அதனால் தொலைக்காட்சியில் தெரியாத சில விஷயங்கள் தெரியும்.

சுருக்கமான பதில்: வெண்கலம் வாங்கலாம், தங்கம் கஷ்டம். ஒலிம்பிக் ஜோடிப் பிரிவில் அமெரிக்கா இதுவரை தங்கம் வாங்கியதே இல்லை. கடைசியாக வாங்கிய பதக்கம் 1988-இல் கால்கரியில் ஜில் வாட்சன், பீட்டர் ஒப்பகார்ட் வாங்கிய வெண்கலம். அதற்கு முன்னால் 1984-இல் சரயேவோவில் கிட்டி கரூதர்ஸ், பீட்டர் கரூதர்ஸ் வெள்ளி வாங்கினார்கள். இவர்கள் அண்ணன் தங்கை, ஒரே வீட்டில் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர்கள். 1950-இல் உலகப் பட்டமும் 1952-இல் ஒலிம்பிக் வெள்ளியும் வாங்கிய கரோல் கென்னடி, பீட்டர் கென்னடியும் உடன்பிறப்புகள்தான். இதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. வீட்டிலேயே ஒரு பையன் இருந்தால் ஜோடி தேடி அலைய வேண்டாம், அவன் நாளைக்கு இன்னொரு பெண்ணோடு ஆடப் போய்விடுவான் என்ற பயமும் இல்லை. அமெரிக்க ஜோடி ஸ்கேட்டிங்கின் தலைவலியே இந்த இரண்டும்தான்.

என் மகள் சின்ன உருவம், எடையும் குறைவு. ஜம்ப் ஓரளவு வரும், ஆனால் தனியாக ஆடும் சிங்கிள்ஸில் அவளை விட நன்றாக ஆடும் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கோச் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு "இவளை ஜோடியில் போட்டுப் பார்க்கலாமா?" என்றார். சரி, பையன் எங்கே? எங்கள் ரிங்க்கில் பையன்களுக்குக் குறைவில்லை, ஆனால் அத்தனை பேரும் ஹாக்கி. ஃபிகர் ஸ்கேட்டிங் செய்த ஒன்றிரண்டு பையன்களுக்கும் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கும் ஆசை கிடையாது. கடைசியில் ஜோடி தேடுவதற்கென்றே இருக்கும் ஒரு இணையதளத்தில் பதிவு செய்தோம். உயரம், எடை, எந்த ஜம்ப் வரும், ஊர் மாறத் தயாரா, செலவு யார் பொறுப்பு என்று எல்லாம் நிரப்ப வேண்டும். ஜாதகம் மட்டும்தான் கேட்கவில்லை.

பென்சில்வேனியாவில் ஒரு பையன் கிடைத்தான். இருவரும் பொருந்துகிறார்களா என்று பார்க்கும் டிரைஅவுட்டுக்குக் காரில் கூட்டிப் போனோம். முதலில் ஐஸில் விடவே இல்லை, பக்கத்து அறையில் ரப்பர் பாய் விரித்துத் தூக்கிப் பார்த்தார்கள். பையனின் கட்டைவிரல் இரண்டும் இவள் இடுப்பெலும்பில் சரியாக உட்கார வேண்டும், கொஞ்சம் நகர்ந்தாலும் தழும்பாகிவிடும். அவன் முழங்கையை மடக்காமல் நிறுத்த வேண்டும், இவள் பலகை மாதிரி விறைத்து நிற்க வேண்டும். "மூச்சை அடக்காதே, வயிற்றை இறுக்கு" என்று கோச் கத்திக்கொண்டே இருந்தார். அப்புறம் ஐஸில் டெத் ஸ்பைரல். பையன் ஷூ முனைப் பற்களை ஐஸில் குத்தி நின்ற இடத்திலேயே சுழல, இவள் அவன் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு தரையோடு தரையாகச் சாய்ந்து சுற்ற வேண்டும். வெளியே வந்தபோது பின்னந்தலை முடியெல்லாம் ஐஸ் தூள், கறுப்பு டைட்ஸின் ஒரு பக்கம் முழுக்க வெள்ளைக் கோடு. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. வீடியோவைத் திருச்சியில் இருக்கும் மாமியாருக்கு அனுப்பும்போது எனக்குக் கொஞ்சம் உதறல்தான், பையன் இடுப்பைப் பிடித்துத் தூக்குகிறானே, என்ன சொல்வாரோ என்று. அவர் கேட்டது ஒரே கேள்வி: "அந்தப் பிள்ளைக்குக் கை வேர்த்துச்சுன்னா என்னம்மா பண்ணுவாங்க?"

பிறகு பணப் பேச்சு. பையன்கள் அரிதாக இருப்பதால் பெண் வீட்டார்தான் பையனின் ஐஸ் டைம் (பயிற்சிக்கு ஐஸைப் பயன்படுத்தும் கட்டணம்), கோச் கட்டணம், சில இடங்களில் ஷூ வரைக்கும் சேர்த்துக் கட்டுவது இங்கே சர்வ சாதாரணம். யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை, ஆனால் பையனின் அம்மா பட்டியலைத் தயாராகக் கையில் வைத்திருப்பார். பல நாடுகளில் இதையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ஒலிம்பிக் கமிட்டிக்கே மத்திய அரசு நேரடியாகப் பணம் கொடுப்பதில்லை. உச்சத்துக்குப் போனவர்களுக்கு உதவித்தொகை கிடைக்கும், அதுவரை அப்பா அம்மா பர்ஸ்தான். நாங்கள் எங்கள் செலவோடு அவன் செலவில் பாதியையும் ஏற்றோம். ஒரு சீசன் நன்றாகப் போனது. அதற்கு அடுத்த கோடையில் அவன் அம்மாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி, அவன் வேறு பெண்ணோடு கொலராடோவுக்குப் பயிற்சிக்குப் போகிறானாம். காரணமும் மறைக்காமல் எழுதியிருந்தார், அந்தப் பெண் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவள்.

அந்தப் பையனை நான் திட்டவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வராதீர்கள். அவன் இடத்தில் என் மகன் இருந்திருந்தால் நானும் அதையேதான் யோசித்திருப்பேன். உலகப் போட்டிக்கு ஜோடியில் ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும். ஒலிம்பிக்குக்கு இரண்டு பேரிடமும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வேண்டும். நாங்கள் இருந்ததோ எச்-1பி என்ற வேலை விசாவில், அவள் அதைச் சார்ந்த குடும்ப விசாவான எச்-4-இல். கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தவள், ஆங்கிலத்தில்தான் கனவு காண்பவள், அமெரிக்க உடையில் ஒலிம்பிக் போகவே முடியாது என்பது பென்சில்வேனியாக்காரர்களுக்குப் புரிந்த அளவுக்கு எங்களுக்கு உறைக்கவில்லை.

இதை எழுதும்போது இன்னொன்றும் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, பரவாயில்லை. குடியுரிமைக்கு முந்தைய படியான கிரீன் கார்டில் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) எந்த நாட்டுக்காரர்களுக்கும் வருடத்துக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று ஒரு விதி. சின்னஞ்சிறு நாட்டுக்கும் அதே ஏழு, இந்தியாவுக்கும் அதே ஏழு. என் கணவர் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து வரி கட்டிக்கொண்டு அந்த வரிசையில் நிற்கிறார். பிள்ளைக்கு 21 வயது ஆனவுடன் "உன் அப்பாவின் வரிசையில் உனக்கு இடமில்லை" என்று வெளியே எடுத்துவிடுகிறார்கள். இங்கேயே எல்கேஜி முதல் படித்த என் மகள் இப்போது வெளிநாட்டு மாணவி, கல்லூரிக் கட்டணமும் வெளிநாட்டு மாணவிக்கு உரியது. "பிடிக்காவிட்டால் திரும்பிப் போ" என்று எழுதப் போகிற தம்பிகளுக்கு: போகலாம்தான், அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுதத்தான் வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதே பாஸ்போர்ட் சிக்கல்தான் 2026 மிலான் ஒலிம்பிக்கில் நாட்டின் முதல் ஜோடியையே தடுத்தது. அலீசா எஃபிமோவா, மிஷா மித்ரோஃபனோவ் ஜோடி 2025-இல் விச்சிட்டாவில் தேசியப் பட்டம் வென்றது, 2026 ஜனவரியில் செயின்ட் லூயிஸில் மறுபடியும் வென்றது. ஆனால் மிலானுக்குப் போகவில்லை. எஃபிமோவா முன்பு ரஷ்யாவுக்கு ஆடியவர், பிறகு ஜெர்மனிக்கு ஆடியவர், மித்ரோஃபனோவைத் திருமணம் செய்துகொண்டவர். அப்படியும் குடியுரிமை நேரத்துக்கு வரவில்லை. அவர்களுக்குப் பதில் எல்லி காம், டேனி ஓஷே ஜோடியும் எமிலி சான், ஸ்பென்சர் ஹவ் ஜோடியும் போனார்கள். எல்லாப் பிரிவுகளின் புள்ளிகளையும் நாட்டுவாரியாகச் சேர்க்கும் அணிப் போட்டியில் அமெரிக்கா தங்கம் வாங்கியது, அதில் காம், ஓஷேயின் உழைப்பும் இருக்கிறது. தனியாக ஜோடிப் பிரிவு என்று வந்தபோது பதக்கம் ஜப்பானுக்கும் ஜார்ஜியாவுக்கும் ஜெர்மனிக்கும் போனது.

எஃபிமோவா ஜோடி பயிற்சி செய்வது பாஸ்டன் கிளப்பில். 2025 ஜனவரியில் வாஷிங்டன் அருகே நடந்த விமான விபத்தில் இறந்தவர்களில் அந்தக் கிளப்பின் கோச்சுகளான எவ்கேனியா ஷிஷ்கோவாவும் வாடிம் நவுமோவும் உண்டு. 1994-இன் உலக ஜோடிச் சாம்பியன்கள் அவர்கள். சில வாரங்கள் கழித்து உலகப் போட்டி அதே பாஸ்டனில் நடந்தது, அமெரிக்க ஜோடிகள் இரண்டு முதல் பத்துக்குள் வந்தன. அதைச் சாதாரணமாக யாரும் பேசிவிடக் கூடாது.

"2022-இல் உலகப் பட்டமே வாங்கினார்களே?" என்று கேட்பீர்கள். அலெக்சா கினீரிம், பிராண்டன் ஃபிரேசியர் பிரான்சில் மான்பெலியேவில் வாங்கினார்கள், 1979-க்குப் பிறகு முதல் முறை. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னால் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவர்கள் ஆறாவது. அவர்களுக்கு மேலே இருந்த ஐந்து ஜோடிகளும் சீனாவும் ரஷ்யாவும்தான். மான்பெலியேவுக்கு ரஷ்யா தடை காரணமாக வரவில்லை, சீனா தானாகவே வரவில்லை. 1979-லும் கிட்டத்தட்ட இதே கதை, தாய் பாபிலோனியாவும் ராண்டி கார்ட்னரும் வென்ற வருடம், அதுவரை ஜோடிப் பிரிவை ஆண்டுகொண்டிருந்த சோவியத் சாம்பியன் இரினா ரோட்னினாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது, அவர் வரவில்லை. அடுத்த வருடம் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் ரோட்னினா வந்துவிட்டார், கார்ட்னர் தொடையிடுக்குக் காயத்தோடு ஆட முடியாமல் விலகினார். அதற்காக வென்றது செல்லாது என்று நான் சொல்லவில்லை. வந்திருந்தவர்களில் நன்றாக ஆடியவர்கள் அவர்கள்தான். கினீரிம் ஜோடி 2023-இல் ஜப்பானின் சைத்தமாவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளியும் வாங்கியது.

நான் கவனிக்கச் சொல்வது அந்த ஜோடி சேர்ந்த விதத்தை. அலெக்சா அதுவரை தன் கணவரோடு ஆடிக்கொண்டிருந்தார், கணவர் ஓய்வு பெற்றார். ஃபிரேசியரும் தன் பழைய ஜோடியை விட்டுப் பிரிந்திருந்தார். தனியாக நின்ற இரண்டு பேர் 2020-இல் சேர்ந்து இரண்டே வருடத்தில் உலகச் சாம்பியன், அதற்கு அடுத்த வருடமே இருவரும் ஓய்வு. ரிக்கு மியுரா, ரியூச்சி கிஹாரா மாதிரி வருடக்கணக்கில் சேர்ந்திருந்து, காயம் வந்தாலும் பிரியாமல், கனடாவில் போய்ப் பயிற்சி எடுத்து, ஜப்பானுக்கு முதல் ஜோடித் தங்கம் வாங்கித் தந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ட்விஸ்ட் என்ற அசைவில் சுழலும்படி மேலே எறிந்த பெண்ணை இடுப்பில் பிடிக்கும் நேரம் கண்ணால் பார்த்து வருவதில்லை, பல வருடம் ஒரே ஆளைப் பிடித்துப் பிடித்துத்தான் வரும்.

டியானா ஸ்டெல்லாட்டோ-டூடெக்கையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பெண், சிறு வயதில் சிங்கிள்ஸ் ஆடி, காயத்தால் விலகி, பதினாறு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். அமெரிக்காவில் ஆடிய ஜோடிக்காரர் காயத்தால் போனதும் கனடாவில் மாக்சிம் டேஷாமோடு சேர்ந்து 2024-இல் தன் 40-ஆவது வயதில் உலகச் சாம்பியன். கொடி கனடாவுடையது.

அடுத்த ஒலிம்பிக் 2030-இல் பிரெஞ்சு ஆல்ப்ஸில். எஃபிமோவாவுக்கு அதற்குள் பாஸ்போர்ட் வந்துவிடும் என்று நம்புகிறேன். அவர்கள் காயமில்லாமல் ஓய்வு பெறாமல் இருந்தால் வெண்கலத்துக்கு நிச்சயம் போட்டி போடலாம். ரஷ்ய ஜோடிகள் முழு பலத்தோடு திரும்பினால் ஐந்தாவது ஆறாவது இடம்தான். இளைய ஜோடிகள் நாலாவது நாலு வருடம் பிரியாமல் சேர்ந்து ஆடினால் கணக்கு மாறும், ஆனால் அதற்கு யாராவது அந்தப் பையன்களின் ஐஸ் கட்டணத்தைக் கட்டியாக வேண்டும்.

உங்கள் கேள்வியின் தொனியைப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் ஒரு பெண் ரிங்க்குக்குப் போகிறாள் போலிருக்கிறது. கோச் "ஜோடியில் போடலாமா" என்று கேட்டால் போடுங்கள், அவளுக்குப் பிடிக்கும். பையன் செலவில் எவ்வளவு உங்கள் தலையில் விழும், சீசன் நடுவில் அவன் போய்விட்டால் கட்டிய பணம் என்ன ஆகும் என்பதை மட்டும் டிரைஅவுட்டுக்கு முன்னாலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.