நவீனத் தமிழ்க் கவிதை வரலாற்றில் பெண் கவிஞர்களுக்கு உரிய இடம் கிடைத்திருக்கிறதா? யாரிடமிருந்து படிக்கத் தொடங்கலாம்?

கிடைக்கவில்லை என்பதே என் பதில். பெயர்கள் தெரிந்திருக்கின்றன. சல்மா, மாலதி மைத்ரி, குட்டி ரேவதி, சுகிர்தராணி என்று நான்கு பெயர்களை ஒரே மூச்சில் சொல்ல முடியாத இலக்கிய மாணவர் இன்று அரிது. ஆனால் இலக்கிய வரலாற்று நூல் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். பாரதியின் வசன கவிதையில் தொடங்கி ந. பிச்சமூர்த்தி, 'எழுத்து', 'கசடதபற' ஆகிய சிற்றிதழ்கள், வானம்பாடி இயக்கம் என்று கதை நகரும். யார் யாரைப் படித்து எழுத வந்தார், எந்தப் பத்திரிகையில் விவாதம் மூண்டது, யார் யாரோடு முரண்பட்டுப் பிரிந்தார் என்பதெல்லாம் விரிவாக இருக்கும். எல்லாம் முடிந்தபின் 'பெண்ணியக் கவிதை' என்று கடைசியில் சில பக்கங்கள். அங்கே பெரும்பாலும் பெயர்ப்பட்டியல் மட்டும்தான். யாருக்கு யார் முன்னோடி, எது எதற்குப் பதிலாக எழுதப்பட்டது என்ற கேள்விகளே எழாது. வரலாற்றில் இடம் என்றால் காலவரிசையில் ஒரு இடம், முன்னும் பின்னும் உள்ளவர்களோடு ஒரு தொடர்பு. அதைத்தான் நாம் இவர்களுக்கு இன்னும் கொடுக்கவில்லை.

நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். பாடத்தில் 'பெண்ணியக் கவிதை' அலகுக்கு வரும்போது மாணவிகள் அடிக்கடி கேட்பது, "இவர்களுக்கு முன்னால் யாருமே எழுதவில்லையா அம்மா?" என்பதுதான். சங்க காலத்தில் ஔவையாரும் வெள்ளிவீதியாரும் எழுதினார்கள், பிறகு ஆண்டாளும் காரைக்கால் அம்மையாரும் எழுதினார்கள், அதன்பின் நேராக 2000 வந்துவிட்டது என்ற எண்ணத்தைப் பாடத்திட்டமே அவர்களுக்குத் தந்துவிடுகிறது. எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் சொல்லும் விடை 1986, யாழ்ப்பாணம்.

அந்த ஆண்டில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்ற சிறிய தொகுப்பை வெளியிட்டது. சித்ரலேகா மௌனகுரு முன்னுரை எழுதினார். சங்கரி, சிவரமணி, ஔவை, மைத்ரேயி, ஊர்வசி உள்ளிட்ட பத்துப் பெண்களின் கவிதைகள் அதில் இருந்தன. இதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1984இல், 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' வெளிவந்திருந்தது. எம்.ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த அந்த நூல் மஹாகவி (இது து. உருத்திரமூர்த்தியின் புனைபெயர்), முருகையன், நீலாவணன் முதல் சேரன் வரை ஈழக் கவிதையின் வளத்தைத் தமிழகத்துக்குக் காட்டியது. தேர்ந்தெடுத்த கவிதைகள் எல்லாம் உயர்ந்த தரம். நானும் அதிலிருந்துதான் மஹாகவியைக் கற்றுக்கொண்டேன். ஆனால் பதினொரு பேரும் ஆண்கள். தொகுத்தவர்களிடம் தீய எண்ணம் எதுவும் இருந்ததாக நான் கருதவில்லை. அந்தக் காலத்தில் 'கவிஞர்' என்று எண்ணியவுடன் மனத்தில் எழுந்த முகங்கள் அவைதாம். ஒரு தலைமுறை எதைப் படிக்கும், எதைத் தேடும் என்பதைத் தொகுப்புகளே முடிவு செய்கின்றன. தொகுப்பில் இல்லாதவர் கட்டுரையில் வருவதில்லை, கட்டுரையில் வராதவர் பாடத்தில் வருவதில்லை. பெண்கள் தங்களுக்கென்று ஒரு தொகுப்பைக் கொண்டுவர வேண்டியிருந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தத் தொகுப்பில் சங்கரியின் 'அவர்கள் பார்வையில்' என்ற கவிதை இருக்கிறது. எனக்கு முகம் இல்லை, இதயம் இல்லை, ஆத்மாவும் இல்லை என்று ஒரு பெண் சொல்லத் தொடங்குகிறாள். அவர்களின் பார்வையில் மார்பு, கூந்தல், இடை, தொடை இவை மட்டுமே தன்னிடம் இருக்கின்றன என்கிறாள். சமைப்பதும் படுக்கை விரிப்பதும் பிள்ளை பெறுவதும் பணிந்து நடப்பதும் தன் கடமைகள் என அடுக்குகிறாள். அலங்காரம் கிடையாது, உவமை கிடையாது. வாக்குமூலம் போன்ற வரிகள். பெண் தன் உடலைத் தன் சொற்களில் எழுதும் 'உடல்மொழிக் கவிதை' 2000க்குப் பிறகு தமிழ்நாட்டில் தோன்றியது என்று ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப எழுதுகிறோமே, அந்தக் கூற்றுக்கு முன்னால் இந்த ஒரு கவிதையை வைத்துப் பார்த்தால் போதும். பெண்ணின் உடலை யார் பார்க்கிறார்கள், யார் பெயரிடுகிறார்கள் என்ற கேள்வி 1986லேயே தெளிவாகக் கேட்கப்பட்டுவிட்டது. அதுவும் இராணுவச் சுற்றிவளைப்புகளுக்கும் ஆயுதப் போராட்ட இயக்கங்களுக்கும் நடுவே இருந்த ஒரு நகரத்தில்.

சிவரமணியின் 'யுத்தகால இரவொன்றின் நெருக்குதல்' கவிதையை வகுப்பில் படிக்காமல் எந்த ஆண்டையும் நான் முடித்ததில்லை. தும்பியின் இறக்கையைப் பிய்த்து எறிவதும், தடியைத் துப்பாக்கியாக்கி நண்பனை எதிரியென்று நினைத்துக் கொல்வதும் சிறுவர்களின் விளையாட்டாகிவிட்டன என்று எழுதுகிறார். போர் குழந்தைகளை ஒரே இரவில் வளர்ந்தவர்களாக்கிவிடுகிறது. போரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட கவிதைகளில் மிகச் சிறந்த ஒன்று இது. 'போர்க்கவிதை' என்ற அலகில் இது வருவதில்லை, 'பெண்ணியம்' என்ற அலகில்தான் வருகிறது. அந்தக் கவிதையில் பெண் என்ற சொல்லைக் கொண்டு வாதிட எதுவுமே இல்லை! எழுதியவர் பெண் என்பதற்காக மட்டும் அதை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறோம். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

1991ஆம் ஆண்டை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். மே மாதம் சிவரமணி தம்மிடம் இருந்த கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். நண்பர்களிடமும் இதழ்களிலும் மிஞ்சிய இருபத்திச் சொச்சம் கவிதைகளைப் பெண்கள் ஆய்வு வட்டமே பிறகு நூலாக்கியது. ஜூலையில் ஆனையிறவுப் போரில் விடுதலைப் புலிகளின் போராளி வானதி இறந்தார். எல்லையில் தன் துப்பாக்கி எழுந்து நிற்பதால் எழுத முடியாமல் போன கவிதையை நீங்கள் எழுதுங்கள் என்று கேட்டவர் அவர். ஆகஸ்ட் 30ஆம் தேதி செல்வி விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார். வவுனியா சேமமடுவைச் சேர்ந்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர், 'தோழி' என்ற பெண்கள் இதழை நடத்தியவர். 1992இல் அமெரிக்க பென் (PEN) எழுத்தாளர் அமைப்பு எழுத்துச் சுதந்திரத்துக்கான விருதை அவருக்கு அறிவித்தபோதும் அவர் சிறைப்பட்டே இருந்தார். அவர் திரும்பவே இல்லை. நான்கு மாதங்களுக்குள் மூன்று கவிஞர்கள். ஒருவர் இயக்கத்துக்குள் இருந்தார், ஒருவர் அதன் கையில் சிக்கினார், ஒருவர் அந்தச் சூழலையே தாங்க முடியாமல் போனார். தமிழ்க் கவிதையின் வரலாற்றை எழுதுபவருக்கு இந்த ஆண்டு முக்கியமாகப் படவில்லை என்றால், அவர் எதை வரலாறு என்று கருதுகிறார்?

1986இல் தொடங்கச் சொன்னேனே தவிர, அதற்கு முன் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. இலங்கை மலையகத்தில் மீனாட்சியம்மாள் நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். இந்தியத் தொழிலாளர்களின் இலங்கை வாழ்க்கை பற்றிய தம் பாடல்களை 1940இல் நூலாகவும் வெளியிட்டார். நவீனக் கவிதை என்றால் புதுக்கவிதை மட்டும்தான் என்று வகுத்துக்கொண்டதால் அவர் வெளியே நிற்கிறார். தமிழகத்தில் இரா. மீனாட்சியின் 'நெருஞ்சி' 1970இல் வந்தது. புதுக்கவிதை தன் காலில் நிற்கத் தொடங்கிய அதே காலம். அவருடைய சமகாலத்து ஆண் கவிஞர்களைப் பற்றி எத்தனை கட்டுரைகள் வந்திருக்கின்றன என்று தேடிவிட்டு, பிறகு மீனாட்சியைப் பற்றித் தேடிப் பாருங்கள்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1990களில் ஈழக் கவிதைகள் இங்குள்ள சிற்றிதழ்களில் பரவலாக வாசிக்கப்பட்டன. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தலித் இலக்கியம் எழுந்தது. சிறு பதிப்பகங்கள் வலுப்பெற்றன. அந்தப் பத்தாண்டின் முடிவில்தான் பெருந்தேவியின் 'தீயுறைத் தூக்கம்', சல்மாவின் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்', மாலதி மைத்ரியின் 'சங்கராபரணி', சுகிர்தராணியின் 'கைப்பற்றி என் கனவு கேள்', குட்டி ரேவதியின் 'முலைகள்' எல்லாம் 1998 முதல் 2002 வரையிலான குறுகிய காலத்தில் அடுத்தடுத்து வந்தன. துவரங்குறிச்சியில் பதின்மூன்று வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட சல்மா, குடும்பத்தாருக்குத் தெரியாமல் எழுதி, புனைபெயரில் வெளியிட்டவர். இத்தனை பேர் ஒரே நேரத்தில் வந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

பிறகு 2003ஐ ஒட்டி நடந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இந்தக் கவிதைகளை ஆபாசம் என்றார்கள், பண்பாட்டுச் சீரழிவு என்றார்கள். திரைப்பாடலாசிரியர்கள் சிலர் பொதுவெளியில் சொன்ன சொற்களை இங்கே எழுத விரும்பவில்லை. அந்தத் தாக்குதலை இவர்கள் தைரியமாக எதிர்கொண்டார்கள். ஆனால் அதன் விளைவாக வேறொரு இழப்பு நேர்ந்தது. எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் உடலைப் பற்றியே பேசியதால், இவர்கள் எழுதிய மற்ற எதுவும் பேச்சுக்கு வராமல் போனது.

சுகிர்தராணியையே எடுத்துக்கொள்ளுங்கள். செத்த மாட்டின் தோலை உரிக்கும்போது காகம் விரட்டியதையும், நெடுநேரம் நின்று வாங்கிய ஊர்ச்சோற்றைச் சுடுசோறு என்று பெருமை பேசியதையும், தப்பட்டை மாட்டிய அப்பா தெருவில் எதிர்ப்பட்டால் முகம் மறைத்துக் கடந்ததையும் சொல்லி, இப்போது யாராவது கேட்டால் பளிச்சென்று பறச்சி என்று சொல்லிவிடுகிறேன் என முடியும் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். ஒரு சிறுமியின் வெட்கம் எப்படி ஒரு பெண்ணின் நிமிர்வாக மாறியது என்பதை இவ்வளவு குறைந்த வரிகளில் வேறு எவரும் எழுதி நான் படித்ததில்லை. இதை 'உடல்மொழி' என்ற ஒற்றைத் தலைப்பின் கீழ் எப்படி வைப்பது? 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் அவருடைய 'கைம்மாறு', 'என் உடல்' என்னும் இரண்டு கவிதைகளையும் ஆங்கிலப் பாடத்திலிருந்து நீக்கியது. பாமாவின் எழுத்தும் மகாசுவேதா தேவியின் 'திரௌபதி'யும் அதோடு சேர்ந்து நீக்கப்பட்டன. நீக்கியவர்களுக்கு அந்தக் கவிதைகளின் வலிமை நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இளம்பிறையின் நிலை இதற்கு நேர்மாறு. விவசாயக் கூலிக் குடும்பத்திலிருந்து வந்து ஆசிரியராகி, 1980களின் இறுதியிலிருந்து எழுதுகிறார். 'முதல் மனுசி' தொகுப்பைப் படித்தவர்களுக்கு அவருடைய வரிகளில் உள்ள கீழத் தஞ்சையின் மண்ணும் நடவு வயலும் மறக்காது. ஆனால் சர்ச்சை எதுவும் அவரைச் சுற்றி எழவில்லை. அதனால் பட்டியலில் அவர் பெயர் பல நேரம் விடுபடுகிறது. சர்ச்சையை வைத்து வரலாறு எழுதினால் அமைதியாக எழுதியவர்கள் காணாமல் போவார்கள்.

விருதுகளை நான் பெரிய அளவுகோலாகக் கருதுவதில்லை. ஆனாலும் ஒரு செய்தி. தமிழுக்கான சாகித்ய அகாதெமி விருது 1955 முதல் வழங்கப்படுகிறது. பெற்ற பெண்கள் ராஜம் கிருஷ்ணன், லட்சுமி, திலகவதி, அம்பை ஆகிய நால்வர். நால்வருமே உரைநடைக்காகப் பெற்றார்கள். அப்துல் ரகுமான், சிற்பி, ஈரோடு தமிழன்பன், மு. மேத்தா, புவியரசு, இன்குலாப் என்று கவிதைக்காகப் பெற்ற ஆண்கள் இருக்கிறார்கள். 2024 வரை கவிதைக்காக ஒரு பெண்கூட இல்லை.

படிக்க விரும்பினால் 'சொல்லாத சேதிகள்' நூலகம் என்ற ஈழத்து இணைய நூலகத்தில் கிடைக்கும், ஒரே மாலையில் படித்துவிடலாம். அடுத்து அ. மங்கை தொகுத்த 'பெயல் மணக்கும் பொழுது'. ஈழத்துப் பெண் கவிஞர்களின் விரிந்த பரப்பு அதில் இருக்கிறது. க்ருஷாங்கினியும் மாலதி மைத்ரியும் தொகுத்த 'பறத்தல் அதன் சுதந்திரம்' தமிழகத்துப் பக்கத்தைக் காட்டும். அதன்பின் தனித் தொகுப்புகளுக்குப் போங்கள்: சிவரமணி, இளம்பிறை, சுகிர்தராணி, கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதிலிருந்து எழுதும் அனார். படிக்கும்போது ஒவ்வொரு நூலின் ஆண்டையும் குறித்துக்கொண்டு, அதே ஆண்டில் வந்த ஆண் கவிஞரின் தொகுப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். என் மாணவிகளுக்கு இப்போது நான் கொடுக்கும் பயிற்சி இதுதான்.